செப்சிஸ்: பிழைப்பவர்கள் கூடியும் மரணங்கள் குறையாதது ஏன்? உறுப்புகள் வரிசையாக செயலிழப்பது எப்படி?

"சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்." "பல உறுப்புகள் செயலிழந்ததால் மரணம்." செய்திகளில் அடிக்கடி கேட்கிற வரிகள் இவை. நிமோனியா என்று அட்மிட் ஆனவருக்கு கிட்னி ஏன் செயலிழந்தது? காலில் இருந்த புண்ணுக்கும் வென்டிலேட்டருக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விகளுக்குப் பல நேரங்களில் ஒரே பதில்தான்: செப்சிஸ்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலி 2016 ஜூனில் இறந்தபோது, செப்டிக் ஷாக்தான் காரணம் என்று அவரது குடும்பத்தின் சார்பில் தெரிவிக்கப்பட்டது. மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு சிகிச்சை அளித்த குழுவில் இருந்த லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பீல், 2017 பிப்ரவரியில் சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்தார். அப்போது ஜெயலலிதாவுக்கு ஏற்பட்டிருந்த பாதிப்பை விளக்க அவர் பயன்படுத்தியதும் செப்சிஸ் என்ற சொல்லைத்தான்.

சொல் பழகிவிட்டது. ஆனால் அது என்ன, யாருக்கு வரும், வந்தால் பிழைக்க முடியுமா என்பது பலருக்கும் தெரிவதில்லை. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

செப்சிஸ்னா என்ன?

'ரத்தத்தில் கிருமி கலந்துடுச்சு', 'ரத்தம் விஷமாயிடுச்சு' என்று வீடுகளில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ரத்தத்தில் கிருமியே கண்டுபிடிக்கப்படாத செப்சிஸ் நோயாளிகளும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

சர்வதேச நிபுணர் குழு 2016-ல் ஒரு விளக்கம் கொடுத்தது. ஒரு தொற்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை கட்டுப்பாட்டை இழந்து, அதனால் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு உறுப்புகள் பாதிக்கப்படுவதுதான் செப்சிஸ்.

சிம்பிளா சொன்னா, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்தின கதைதான். மூட்டைப்பூச்சி என்பது கிருமி. வீடு என்பது நம் உடல். கொளுத்துவது நம்முடைய நோய் எதிர்ப்பு சக்தி. கிருமி செய்யும் சேதம் ஒரு பக்கம், கிருமியை அழிக்கப் போன நம் உடலே தனக்குச் செய்துகொள்ளும் சேதம் இன்னொரு பக்கம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சாதாரணமாக ஒரு இடத்தில் கிருமி புகுந்தால், அந்த இடத்தில் மட்டும் வீக்கம், சிவப்பு, வலி வரும். போர் அந்த இடத்தோடு முடிந்துவிடும். செப்சிஸில் அந்தப் போர் உடல் முழுக்கப் பரவுகிறது.

முதலில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிவடைகின்றன. அவற்றின் சுவர்களில் கசிவு ஏற்பட்டு, ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வெளியே போகிறது. பிபி இறங்குகிறது. இன்னொரு பக்கம் நுண்ணிய குழாய்களுக்குள் சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் உருவாகின்றன.

விளைவு, உறுப்புகளுக்குப் போக வேண்டிய ரத்தமும் ஆக்ஸிஜனும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. போய்ச் சேர்ந்த ஆக்ஸிஜனையும் செல்களால் சரியாகப் பயன்படுத்த முடிவதில்லை. அப்போது ரத்தத்தில் லாக்டேட் என்ற பொருளின் அளவு கூடுகிறது. ஐசியூவில் டாக்டர்கள் 'லாக்டேட் எவ்வளவு?' என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

திரவம் ஏற்றிய பிறகும் பிபி ஏறவில்லை, அதைத் தாங்கிப் பிடிக்கத் தொடர்ந்து மருந்து தேவைப்படுகிறது, லாக்டேட்டும் 2 மில்லிமோலுக்கு மேல் இருக்கிறது என்றால் அதற்குப் பெயர் செப்டிக் ஷாக். இந்த நிலைக்குப் போனவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலேயே இறக்கிறார்கள் என்கிறது 2016 நிபுணர் குழுவின் ஆய்வு.

எந்தத் தொற்றிலிருந்து வரும்?

எந்தத் தொற்றிலிருந்தும் வரலாம். அதிகமாக வருவது நுரையீரல் தொற்றிலிருந்து. அடுத்து சிறுநீர்ப் பாதைத் தொற்று, வயிற்றுக்குள் ஏற்படும் தொற்று, தோலிலும் தசையிலும் வரும் தொற்று. வெடித்த குடல்வால், சர்க்கரை நோயாளியின் ஆறாத கால் புண், பிரசவத்துக்குப் பிறகு கருப்பையில் வரும் தொற்று, எல்லாமே காரணமாகலாம்.

பாக்டீரியா மட்டும்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். வைரஸ், பூஞ்சை, மலேரியா ஒட்டுண்ணி ஆகியவையும் செப்சிஸை உண்டாக்கும். கொரோனா தீவிரமாகி ஐசியூவில் இருந்த பலருக்கு ஏற்பட்ட உறுப்பு பாதிப்பும் இந்த விளக்கத்துக்குள் வருவதுதான்.

பிறந்த குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், பிரசவித்த பெண்கள், சர்க்கரை நோய், கிட்னி, கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், மாற்று உறுப்பு பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அதற்காக, ஆரோக்கியமான இளைஞருக்கு வரவே வராது என்று அர்த்தம் இல்லை.

உறுப்பு செயலிழந்ததை எப்படி அளக்கிறார்கள்?

'உறுப்புகள் செயலிழந்தன' என்று நாம் ஒரே வரியில் சொல்கிறோம். மருத்துவர்கள் அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். அதன் பெயர் சோஃபா ஸ்கோர். 1994-ல் பாரிஸில் கூடிய மருத்துவர்கள் உருவாக்கி, 1996-ல் வெளியானது. இதில் ஆறு விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

• நுரையீரல்: ரத்தத்தில் ஆக்ஸிஜன் போதுமான அளவு சேர்கிறதா?
• ரத்தம் உறையும் தன்மை: பிளேட்லெட் எண்ணிக்கை எவ்வளவு?
• கல்லீரல்: பிலிருபின் கூடியிருக்கிறதா?
• இதயம், ரத்த ஓட்டம்: பிபி நிற்கிறதா, மருந்து தேவைப்படுகிறதா?
• மூளை: நோயாளி எவ்வளவு நினைவோடு இருக்கிறார்?
• கிட்னி: கிரியேட்டினின் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போகிறது?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 24. இங்கே மார்க் கூடினால் ஆபத்தும் கூடுகிறது. தொற்று உள்ள ஒருவருக்கு இந்த ஸ்கோர் வழக்கத்தைவிட 2 அல்லது அதற்கு மேல் ஏறினாலே அது செப்சிஸ். அப்படிப்பட்டவர்களில் சுமார் 10 சதவீதம் பேர் மருத்துவமனையில் இறக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செயலிழப்பு என்பது சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே நொடியில் நடப்பதில்லை. 0-விலிருந்து 4-க்குப் படிப்படியாகப் போகிறது. ஆரம்பப் படியிலேயே பிடித்துவிட்டால் கிட்னியும் நுரையீரலும் பழைய நிலைக்குத் திரும்பவும் வாய்ப்பு இருக்கிறது.

20 ஆண்டு கணக்கு சொல்வது என்ன?

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். மருத்துவம் இவ்வளவு வளர்ந்த பிறகு செப்சிஸில் பிழைப்பவர்கள் கூடியிருக்கிறார்களா?

இதற்குப் பதில் தேடிய முக்கியமான ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்து 2003-ல் வெளியானது. 1979 முதல் 2000 வரை, 22 ஆண்டுகளுக்கான மருத்துவமனை டிஸ்சார்ஜ் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். சுமார் 75 கோடி அட்மிஷன்களைக் குறிக்கும் பதிவுகள் அவை. அதில் செப்சிஸ் பாதிப்பு மட்டும் 1 கோடிக்கும் மேல்.

முடிவுகள் இவை:

• 1979-ல் செப்சிஸ் நோயாளிகள் 1,64,072 பேர். 2000-ல் 6,59,935 பேர். அதாவது நான்கு மடங்கு.
• மருத்துவமனையில் இறந்தவர்களின் சதவீதம் 1979-84 காலத்தில் 27.8. 1995-2000 காலத்தில் அது 17.9 ஆகக் குறைந்தது.
• ஆனால் இறந்தவர்களின் எண்ணிக்கை 1979-ல் 43,579. 2000-ல் 1,20,491.

சதவீதம் குறைகிறது, எண்ணிக்கை கூடுகிறது. இது எப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பு 100 பேருக்கு செப்சிஸ் வந்து, 28 பேர் இறந்தார்கள். இப்போது 400 பேருக்கு வருகிறது, 100-க்கு 18 பேர் வீதம் இறக்கிறார்கள். அப்படியென்றால் 72 மரணங்கள். தனி நபருக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. ஆனால் ஊர்க் கணக்கில் இழப்பு கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

நோயாளிகள் ஏன் இவ்வளவு கூடினார்கள்? வயதானவர்களின் எண்ணிக்கை கூடியது. புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை போன்றவற்றால் உயிர் பிழைத்து, ஆனால் எதிர்ப்பு சக்தி குறைந்து வாழ்பவர்கள் கூடினார்கள். உடலுக்குள் பொருத்தப்படும் குழாய்களும் கருவிகளும் கூடின. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும் பெருகின. முன்பு அந்த நோயிலேயே இறந்திருக்கக்கூடியவர்களை மருத்துவம் காப்பாற்றியது. அவர்களில் சிலர் பிறகு செப்சிஸுக்கு ஆளானார்கள்.

ஒரு உறுப்பா, மூன்று உறுப்பா?

அதே ஆய்வில் நாம் மறக்கக் கூடாத இன்னொரு எண் இருக்கிறது. எந்த உறுப்பும் செயலிழக்காத செப்சிஸ் நோயாளிகளில் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களில் இறந்தவர்கள் சுமார் 70 சதவீதம்.

அதைவிட முக்கியம், 22 ஆண்டுகளில் பிழைக்கும் வாய்ப்பு கூடியது யாருக்கு என்பது. மூன்றுக்கும் குறைவான உறுப்புகள் பாதிக்கப்பட்டவர்களிடம்தான் அந்த முன்னேற்றம் தெரிந்தது. மூன்று உறுப்புகள் போய்விட்ட பிறகு வந்தவர்களுக்கு, ஐசியூ, வென்டிலேட்டர், டயாலிசிஸ் என்று அத்தனை வசதி வளர்ந்தும் அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை.

அதாவது, மருத்துவம் கொடுத்த கூடுதல் வாய்ப்பு, சீக்கிரம் வந்தவர்களுக்குத்தான் அதிகம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

2000-க்குப் பிறகு என்ன ஆனது?

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 171 ஐசியூக்களில் தீவிர செப்சிஸோடு சேர்க்கப்பட்ட 1,01,064 பேரின் பதிவுகளை ஆய்வு செய்தார்கள். 2000-ல் 35 சதவீதமாக இருந்த இறப்பு, 2012-ல் 18.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட பாதி.

அப்போ ஏதாவது புது மருந்து வந்ததா? இல்லை. வந்த ஒன்றும் நிற்கவில்லை. செப்சிஸுக்காகவே அமெரிக்காவில் 2001-ல் அனுமதி பெற்ற சைக்ரிஸ் என்ற மருந்து, பலன் இல்லை என்று பெரிய ஆய்வில் தெரிந்ததும் 2011-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

வேலை செய்தது வேறு ஒன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 263 நோயாளிகளிடம் நடந்த ஒரு ஆய்வு 2001-ல் வெளியானது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த உடனே, முதல் ஆறு மணி நேரத்துக்குள் திரவம், பிபி, ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் இலக்கு வைத்து சரிசெய்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46.5 சதவீதம் பேர் மருத்துவமனையில் இறந்தார்கள். இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 30.5 சதவீதம்.

பிறகு 2014, 2015-ல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் அதே முறையைப் பெரிய அளவில் சோதித்தபோது இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 'அப்போ அந்த முறை தோல்வியா?' என்று கேட்கலாம். இந்த இடைப்பட்ட காலத்தில் 'வழக்கமான சிகிச்சை'யே மாறிவிட்டது. சீக்கிரம் கண்டுபிடிப்பது, உடனே ஆன்டிபயாடிக், உடனே திரவம் என்பது எல்லோருக்கும் கிடைக்கிற சிகிச்சையாகிவிட்டது. அதனால் அதற்கு மேல் செய்த சிக்கலான வேலைகளால் கூடுதல் பலன் இல்லை.

இந்தக் குறைவை அப்படியே நம்பலாமா?

கொஞ்சம் கவனமாகத்தான் நம்ப வேண்டும். காரணம், செப்சிஸ் என்றால் எது என்ற வரையறையே 1991, 2001, 2016 என்று மூன்று முறை வகுக்கப்பட்டிருக்கிறது. விழிப்புணர்வு கூடக் கூட, முன்பு வெறும் 'நிமோனியா' என்று எழுதப்பட்ட லேசான பாதிப்புகளும் 'செப்சிஸ்' என்று பதிவாகின்றன. லேசான நோயாளிகள் கணக்கில் சேர்ந்தால் இறப்பு சதவீதம் தானாகவே குறைந்து தெரியும்.

இதைச் சரிபார்க்க, அமெரிக்காவில் 409 மருத்துவமனைகளின் 2009-2014 பதிவுகளை வேறு விதமாக ஆய்வு செய்தார்கள். டாக்டர் எழுதிய நோய்க் குறியீட்டை விட்டுவிட்டு, பரிசோதனை முடிவுகளையும் கொடுத்த மருந்துகளையும் நேரடியாகப் பார்த்தார்கள். 2017-ல் வந்த அந்த முடிவுப்படி, நோயாளிகளின் விகிதம் பெரிதாகக் கூடவில்லை. மருத்துவமனைக்குள் நடந்த இறப்பு குறைந்திருந்தது. ஆனால் கடைசிக்காலப் பராமரிப்புக்கு அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

எனவே முன்னேற்றம் இருக்கிறது. ஆனால் பட்டியலில் தெரிகிற அளவு முழுக்க சிகிச்சையின் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வின் இன்னொரு கணக்கு இன்னும் கவலை தருகிறது. மருத்துவமனைக்கு வந்தவர்களில் செப்சிஸ் இருந்தது சுமார் 6 சதவீதம் பேருக்கு. அங்கே இறந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மூன்றில் ஒருவருக்கு மேல் செப்சிஸ் இருந்தது.

ஒவ்வொரு மணி நேரமும் ஏன் முக்கியம்?

2006-ல் வெளியான ஒரு ஆய்வு செப்டிக் ஷாக் வந்த 2,154 பேரைப் பார்த்தது. பிபி இறங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் சரியான கிருமிநாசினி மருந்து கிடைத்தவர்களில் 79.9 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதன் பிறகு தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்துகொண்டே போனது.

2012-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு சம்பவம் இதைச் சட்டம் வரைக்கும் கொண்டுபோனது. ரோரி என்ற 12 வயது சிறுவன் பள்ளி ஜிம்மில் விழுந்ததில் முழங்கையில் சிராய்ப்பு. மறுநாள் காய்ச்சல், வாந்தி, கால் வலி. வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டான். விழுந்த நான்காவது நாள் செப்டிக் ஷாக்கில் இறந்தான்.

பெற்றோர் விடவில்லை. 2013-ல் நியூயார்க் மாகாணம் புது விதிகளைக் கொண்டுவந்தது. செப்சிஸை உடனே கண்டுபிடித்து சிகிச்சை தொடங்க ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்துப்பூர்வமான நடைமுறை வைத்திருக்க வேண்டும், அரசுக்குத் தகவல் தர வேண்டும். அதற்கு 'ரோரி விதிகள்' என்றே பெயர்.

அந்த விதிகள் வந்த பிறகு 149 மருத்துவமனைகளில் 49,331 நோயாளிகளின் பதிவுகளை ஆய்வு செய்தார்கள். பிளட் கல்ச்சர், லாக்டேட் பரிசோதனை, ஆன்டிபயாடிக் ஆகிய மூன்றையும் முடிக்க ஆகும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும், இறப்புக்கான சாத்தியம் ஒப்பீட்டளவில் 4 சதவீதம் கூடியது தெரிந்தது.

சர்வதேச வழிகாட்டுதல் 2021-ல் சொன்னது இதுதான். ஷாக் இருந்தாலோ, செப்சிஸ் என்று வலுவான சந்தேகம் இருந்தாலோ, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக். ஷாக் இல்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால், வேகமாகப் பரிசோதித்து மூன்று மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். காய்ச்சல் வந்த எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்லவில்லை.

உலக அளவில் நிலைமை என்ன?

2020-ல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2017-ல் மட்டும் சுமார் 4.89 கோடி பேருக்கு செப்சிஸ். அதில் சுமார் 1.1 கோடி பேர் இறந்தார்கள். உலகில் நடந்த ஐந்து மரணங்களில் ஒன்று. 1990-ஐ ஒப்பிட்டால் இறப்பு விகிதம் பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஆனாலும் சுமையில் பெரும்பகுதி வசதி குறைந்த நாடுகள் மீதுதான். 2017-ல் உலக சுகாதார சபை, செப்சிஸைத் தடுப்பதும் கண்டுபிடிப்பதும் எல்லா நாடுகளின் கடமை என்று தீர்மானம் போட்டது.

பணக்கார நாட்டில் பலித்த சிகிச்சை எல்லா இடத்திலும் அப்படியே பலிக்கும் என்றும் சொல்ல முடியாது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் தீவிர காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் இருந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம். அப்படி ஏற்றப்படாத குழந்தைகளில் 7.3 சதவீதம். 'ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்' என்று நாம் சாதாரணமாகக் கேட்பது எல்லா நேரத்திலும் சரியில்லை என்பதற்கு இது உதாரணம்.

நம்ம ஊரில்?

இந்தியாவில் 35 ஐசியூக்களில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், சேர்க்கப்பட்டிருந்த பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு செப்சிஸ் இருந்தது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளும் அதிகம் காணப்பட்டன. முதல் மணி நேரத்தில் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கே வேலை செய்யவில்லை என்றால், சீக்கிரம் வந்ததன் பலன் வீணாகிறது. மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, காய்ச்சல் விட்டதும் நிறுத்துவது இந்தச் சிக்கலை இன்னும் வளர்க்கிறது.

தமிழ்நாட்டில் மழை, குளிர் மாதங்களில் வரும் உண்ணிக் காய்ச்சலையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் என்பது இதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன பூச்சி கடித்து வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், கிட்னி, மூளை என்று பல உறுப்புகளைத் தாக்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி கருப்பாக ஒரு பொருக்கு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

தீவிர உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரே மருந்தைக் கொடுப்பதைவிட டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது சிறந்தது என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. உலகம் முழுக்க கவனிக்கப்பட்ட முடிவு அது.

பிழைத்து வீட்டுக்கு வந்தால் முடிந்துவிட்டதா?

இல்லை. டிஸ்சார்ஜ் ஆனவர்களை 'பிழைத்தவர்கள்' என்று கணக்கு எழுதிவிடுகிறோம். ஆனால் செப்சிஸில் பிழைத்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கட்டுரை இப்படிச் சொல்கிறது. சுமார் பாதிப் பேர் நல்லபடியாகத் தேறுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கினர் அடுத்த ஓர் ஆண்டுக்குள் இறக்கிறார்கள். ஆறில் ஒரு பங்கினருக்கு நடப்பதிலோ, நினைவாற்றலிலோ கடுமையான பாதிப்பு நீடிக்கிறது.

படி ஏற முடியாத பலவீனம், ஞாபக மறதி, தூக்கமின்மை, ஐசியூ பயம், திரும்பத் திரும்பத் தொற்று, இவையெல்லாம் பிறகும் வரலாம். 'உடம்பு தேறிடுச்சு, ஏன் சும்மாவே படுத்திருக்கீங்க?' என்று வீட்டில் கேட்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். பிசியோதெரபி, சத்தான உணவு, மருந்துகளை மறு ஆய்வு செய்வது, முதல் மூன்று மாதங்களில் சிறு காய்ச்சலைக்கூட அலட்சியம் செய்யாமல் இருப்பது ஆகியவை முக்கியம்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

காய்ச்சலோ, புண்ணோ, சளியோ, சிறுநீர் எரிச்சலோ இருக்கும் ஒருவரிடம் கீழே உள்ளவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

• மூச்சு வேகமாக வாங்குவது. பெரியவர் அமைதியாகப் படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 22 முறை அல்லது அதற்கு மேல்
• குழப்பமான பேச்சு, ஆளைத் தெரியாமல் விழிப்பது, எழுப்ப முடியாத தூக்கம்
• பிபியின் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே
• பாதி நாளுக்கு மேல் சிறுநீர் போகாதது, அல்லது மிகக் குறைவாகப் போவது
• கை கால் சில்லிட்டு, தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது
• தாங்க முடியாத உடல் வலி, 'செத்துடுவேன் போல இருக்கு' என்று நோயாளியே சொல்வது
• குழந்தைகளிடம்: பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு

காய்ச்சல் இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. முதியவர்களுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் உடல் வெப்பம் குறைந்தும் செப்சிஸ் வரும். தாத்தா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள்.

மருத்துவமனையில் கூச்சப்படாமல் ஒரு கேள்வி கேட்கலாம்: "டாக்டர், இது செப்சிஸாக இருக்குமா?" எப்போதிலிருந்து காய்ச்சல், கடைசியாக எப்போது சிறுநீர் போனார், ஏற்கனவே என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற நான்கு தகவலை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால், டாக்டருக்கு நேரம் மிச்சமாகும்.

வராமல் தடுக்க முடியுமா?

பல நேரங்களில் முடியும். சோப்பு போட்டுக் கை கழுவுவது, புண்களைச் சுத்தமாக வைத்திருப்பது, சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதங்களைப் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசிகளை விடாமல் போடுவது, முதியவர்கள் டாக்டரிடம் கேட்டு நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது. தொற்றைத் தடுத்தாலே செப்சிஸையும் தடுத்த மாதிரிதான்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 13 உலக செப்சிஸ் தினம். இத்தனை ஆண்டு ஆய்வுகளிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய விஷயம் ஒன்றுதான். ஒரு உறுப்பு தடுமாறும்போது வந்தவருக்கும், மூன்று உறுப்புகள் விழுந்த பிறகு வந்தவருக்கும் இடையில் இருப்பது பல நேரங்களில் ஓர் இரவுதான். 'காலையில பார்த்துக்கலாம்' என்று அந்த இரவைக் கடத்திவிடாதீர்கள்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கு மருத்துவரை அணுகவும்.)